லேப்டாப் திரையில் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்சோல் கையில் இருக்கிறது, டிவி இல்லை. ஹாஸ்டல் அறை, வாடகை வீடு, அல்லது இருக்கிற ஒரே டிவியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கூடம். மேஜையில் நல்ல திரையோடு ஒரு லேப்டாப் இருக்கும்போது அதில் ஏன் ஆடக்கூடாது என்று தோன்றுவது இயல்புதான். ஆடலாம். ஆனால் ஒரு கேபிளை மட்டும் வாங்கி வந்து ஏமாந்து போகிறவர்கள்தான் அதிகம். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கெல்லாம் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதே, பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேபிளை நேராக அதில் சொருகினால் படம் வராதா?

வராது. லேப்டாப்பில் இருக்கும் ஹெச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. புரொஜெக்டருக்கும் டிவிக்கும் படம் கொடுக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். பிஎஸ்4-இன் போர்ட்டும் அனுப்புகிற போர்ட்தான். இரண்டு பக்கமும் அனுப்புகின்றன, வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தச் சந்தேகம் நிரந்தரமாகத் தீரும். லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பிலிருந்து ஒரு மெல்லிய கேபிள், மூடியின் கீல் வழியாகத் திரைக்குப் போகிறது. இப்போதைய லேப்டாப்களில் அந்த இணைப்புக்கு ஈடிபி என்று பெயர், பழையவற்றில் எல்விடிஎஸ். திரைக்குப் படம் போக இருக்கிற ஒரே வழி அதுதான். டிவியிலோ மானிட்டரிலோ வெளியிலிருந்து வரும் ஹெச்டிஎம்ஐ சிக்னலை வாங்கி, திரைக்கு ஏற்றபடி மாற்றித் தர ஒரு தனி போர்டு இருக்கும். லேப்டாப்பில் அந்த போர்டே கிடையாது.

டைப்-சி போர்ட்டும் பழைய விஜிஏ போர்ட்டும் இதே கதைதான், படம் வெளியே மட்டும்தான் போகும். தெரியாமல் சொருகிவிட்டேன், ஏதாவது எரிந்திருக்குமா என்று பயப்பட வேண்டாம். ஒன்றும் ஆகாது.

எஃப்என் கீயை அழுத்தி மாற்ற முடியாதா? டிரைவர், பயாஸ் எதிலாவது?

முடியாது. எஃப்என் கீயோடு வரும் திரைப் பொத்தான், லேப்டாப்பின் படம் எந்தெந்தத் திரைக்குப் போக வேண்டும் என்பதைத்தான் மாற்றும். இல்லாத போர்டை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. "இந்த டிரைவரைப் போட்டால் ஹெச்டிஎம்ஐ இன் வேலை செய்யும்" என்று சொல்லும் டவுன்லோடுகளைத் தொடவே தொடாதீர்கள்.

ஹெச்டிஎம்ஐ இன் உள்ள லேப்டாப் வந்ததே இல்லையா?

வந்தது, ஆனால் மிக அரிது. ஏலியன்வேரின் எம்17எக்ஸ், எம்18எக்ஸ் வரிசையில் 2010-களின் தொடக்கத்தில் வந்த சில மாடல்களில் ஹெச்டிஎம்ஐ உள்வாங்கும் போர்ட் தனியாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் திரை அப்படியே கன்சோலுக்கு மாறிவிடும். பிறகு அந்த வசதி போய்விட்டது. டேப்லெட்டில் பார்த்தால் 2021-இல் வந்த லெனோவோ யோகா டேப் 13-இல் மைக்ரோ ஹெச்டிஎம்ஐ உள்வாங்கும் போர்ட் உண்டு.

உங்கள் லேப்டாப்பில் அப்படி இருந்தால், போர்ட்டின் பக்கத்திலேயே 'இன்' என்று அச்சிட்டிருப்பார்கள். அச்சு இல்லையென்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் என்னதான் வழி?

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, கேப்சர் கார்டு என்ற சின்னக் கருவியை வாங்கி, கன்சோலின் படத்தை யு.எஸ்.பி. வழியாக லேப்டாப்புக்குள் கொண்டுவருவது. இரண்டு, கருவி எதுவும் வாங்காமல் நெட்வொர்க் வழியாகக் கன்சோலின் படத்தை லேப்டாப்பில் பார்ப்பது, அதாவது ரிமோட் பிளே. மூன்று, ஓடாத பழைய லேப்டாப்பின் திரையைக் கழற்றி, தனி போர்டு போட்டு மானிட்டராகவே மாற்றிவிடுவது.

எது உங்களுக்குச் சரி என்பது, என்ன கேம் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கதை கேம், கிரிக்கெட், ஆற அமர ஓட்டும் கார் கேம் என்றால் முதல் இரண்டும் தாராளமாகப் போதும். டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர், கால் ஆஃப் டியூட்டி ஆன்லைன் என்றால் முதல் இரண்டிலும் மனம் நிறையாது. பட்டனை அழுத்துவதற்கும் படத்தில் அது தெரிவதற்கும் இடையே வரும் தாமதம் உங்களைத் தோற்கடித்துக்கொண்டே இருக்கும்.

கேப்சர் கார்டு வாங்கக் கடைக்குப் போனால் என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?

"ஹெச்டிஎம்ஐ டு யு.எஸ்.பி. வீடியோ கேப்சர்" என்று கேளுங்கள். இந்த வரிசை முக்கியம். "யு.எஸ்.பி. டு ஹெச்டிஎம்ஐ" என்று இன்னொரு பொருள் இருக்கிறது, அது நேர் எதிர்த் திசையில் வேலை செய்வது. லேப்டாப்பிலிருந்து இன்னொரு மானிட்டருக்குப் படம் அனுப்பத்தான் அது. பார்க்க இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், பெட்டியில் எழுத்தும் பொடியாக இருக்கும். சென்னையின் மின்னணுக் கடைவீதியான ரிச்சி தெருவில் அவசரமான மாலை நேரத்தில் கேட்டால் இரண்டில் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

சரியான பொருளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சொருகும் துளை ஒரு முனையிலும், லேப்டாப்பில் சொருகும் யு.எஸ்.பி. தலை மறுமுனையிலும் இருக்கும். மேலே 'வீடியோ கேப்சர்' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஹெச்டிஎம்ஐ தலை, மறுபக்கம் யு.எஸ்.பி. தலை, நடுவில் வெறும் ஒயர் மட்டும் உள்ள கேபிளும் விற்கிறார்கள். கன்சோலின் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவர அது உதவாது. வாங்காதீர்கள்.

ஆயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது, பத்தாயிரத்துக்கு மேலும் இருக்கிறது. என்ன வித்தியாசம்?

வித்தியாசம் யு.எஸ்.பி. குழாயின் அகலத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920 x 1080 படம் (1080பி என்பது இதுதான்), வினாடிக்கு 60 முறை, ஒவ்வொரு புள்ளிக்கும் 2 பைட் என்று வைத்தால் வினாடிக்குச் சுமார் 249 மெகாபைட் வருகிறது. அதாவது ஏறக்குறைய 2 கிகாபிட். யு.எஸ்.பி. 2.0-இன் மொத்தக் கொள்ளளவே 480 மெகாபிட்தான். யு.எஸ்.பி. 3.0 என்றால் 5 கிகாபிட், அதில் தாராளமாகப் போகும்.

விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலும் இருப்பது எம்எஸ்2109 என்ற சிப். அது யு.எஸ்.பி. 2.0 சிப். தலை நீல நிறத்தில் இருந்தாலும், பெட்டியில் 3.0 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே 2.0-ஆகவே இருப்பது சகஜம். அவ்வளவு படத்தையும் அந்தக் குழாயில் அனுப்ப முடியாததால், ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் படமாக நசுக்கி அனுப்பும். எம்ஜேபெக் என்று சொல்வது அதைத்தான். அப்படியும் 1080பி-யில் வினாடிக்கு 30 ஃபிரேம்தான் வரும். "4கே" என்று பெட்டியில் போட்டிருப்பது, 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதற்காக மட்டும். லேப்டாப்புக்குள் 4கே வராது.

எல்காட்டோ, ஏவர்மீடியா போன்ற நிறுவனங்களின் யு.எஸ்.பி. 3.0 கார்டுகளில் 1080பி 60 முழுசாக வரும், தாமதமும் குறையும். பலவற்றில் 'பாஸ்த்ரூ' என்று இன்னொரு ஹெச்டிஎம்ஐ துளையும் இருக்கும். டிவியை அதில் மாட்டி டிவியில் ஆடிக்கொண்டே லேப்டாப்பில் பதிவு செய்வதற்கு அது. லேப்டாப் திரையில் ஆடுவது மட்டும்தான் நோக்கம் என்றால், அந்த பாஸ்த்ரூவுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

என் கருத்து இதுதான். விலை குறைந்ததை முதலில் வாங்கி, கீழே சொல்லும் மாதிரி 720பி-யில் (1280 x 720) ஓட்டிப் பாருங்கள். பத்தாயிரம் செலவழிக்க மனம் இருந்தால் அதில் கேப்சர் கார்டு வாங்காதீர்கள், அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மானிட்டரே வந்துவிடும்.

விலை குறைந்த கார்டில் படம் திக்கித் திக்கி வருகிறது. என்ன செய்ய?

இந்தக் கேள்விதான் மிக அதிகமாக வருகிறது, தீர்வும் இருக்கிறது. அந்தச் சிப் 1080பி-யில் 30 ஃபிரேம்தான் தரும் என்று சொன்னேன் அல்லவா? அதே சிப் 1280 x 720-இல் 60 ஃபிரேம் தரும். பலருக்கு இது தெரியாமல் 1080-லேயே விட்டுவிட்டு, கார்டு மட்டம் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

லேப்டாப்பில் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற வீடியோ பதிவு மென்பொருளை நிறுவுங்கள், இலவசம்தான். கீழே 'சோர்சஸ்' என்ற பெட்டியில் கூட்டல் குறியை அழுத்தி 'வீடியோ கேப்சர் டிவைஸ்' சேருங்கள். கருவியின் பெயர் பெரும்பாலும் 'யு.எஸ்.பி. வீடியோ' என்று வரும். உங்கள் வெப்கேமும் அதே பட்டியலில் இருக்கும், உங்கள் முகம் தெரிந்தால் மாற்றித் தேர்ந்தெடுங்கள். அப்புறம் 'ரெசல்யூஷன் / எஃப்பிஎஸ் டைப்' என்பதை 'கஸ்டம்' ஆக்கி, ரெசல்யூஷன் 1280x720, எஃப்பிஎஸ் 60, வீடியோ ஃபார்மட் எம்ஜேபெக் என்று வையுங்கள். அதற்குக் கீழே 'பஃபரிங்' என்று ஒன்று இருக்கும், அதை 'டிசேபிள்' செய்யுங்கள். தாமதம் குறைய இது முக்கியம். ஓபிஎஸ்-இன் பொது செட்டிங்ஸில் வீடியோ பகுதியிலும் 1280x720, 60 என்று இருக்க வேண்டும். அங்கே 30 இருந்தால் மற்றதெல்லாம் சரியாக வைத்தும் பயன் இல்லை.

கன்சோலிலும் வெளியீட்டை 720பி ஆக்கிவிடுங்கள். பிஎஸ்4, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் மூன்றிலும் திரை செட்டிங்ஸில் அது இருக்கிறது. இதனால் கார்டுக்கு அளவைக் குறைக்கும் வேலை மிச்சம். உங்கள் லேப்டாப் திரை 1366 x 768 என்றால், 720பி அதற்குக் கிட்டத்தட்ட அளந்து வைத்த மாதிரி பொருந்தும்.

கடைசியாக, ஓபிஎஸ்-இல் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபுல்ஸ்கிரீன் புரொஜெக்டர்' கொடுங்கள். திரை முழுக்கக் கேம்தான். வெளியே வர எஸ்கேப்.

அப்படியும் திக்கினால் லேப்டாப் சார்ஜரில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது பிராசஸர் வேகத்தைக் குறைத்துவிடும். எம்ஜேபெக்கைப் பிரிக்கிற வேலை பெரும்பாலும் பிராசஸர் தலையில்தான் விழுகிறது. யு.எஸ்.பி. ஹப் வழியாகச் சொருகியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு நேராக லேப்டாப்பில் சொருகுங்கள்.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை.

ஓபிஎஸ் சத்தத்தைப் பதிவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளும், ஸ்பீக்கரில் விடாது. ஆடியோ மிக்ஸரில் கேப்சர் கருவியின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'அட்வான்ஸ்டு ஆடியோ பிராபர்ட்டீஸ்' போங்கள். 'ஆடியோ மானிட்டரிங்' என்பதை 'மானிட்டர் ஒன்லி' ஆக்கினால் ஸ்பீக்கரில் கேட்கும். மிக்ஸரில் கருவியே தெரியவில்லை என்றால், 'ஆடியோ இன்புட் கேப்சர்' என்று இன்னொரு சோர்ஸ் சேர்த்து, யு.எஸ்.பி. டிஜிட்டல் ஆடியோ என்ற பெயரில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எம்எஸ்2109 கார்டுகளில் ஒரு வினோதம் உண்டு. 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ சத்தத்தை 96 கிலோஹெர்ட்ஸ் மோனோ என்று கணினியிடம் சொல்லும். இடது வலது பிரியாமல் ஒரே கலவையாகக் கேட்பது அதனால்தான், உங்கள் ஸ்பீக்கரில் குறை இல்லை.

ஹெட்போனை நேராக பிஎஸ்4-இன் டூயல்ஷாக் கண்ட்ரோலரில் சொருகியும் கேட்கலாம். ஆனால் அந்தச் சத்தம் கன்சோலிலிருந்து நேராக வருவது. படம் கார்டைச் சுற்றி வருவதற்குள் சத்தம் வந்துவிடும். கதை கேமில் பேச்சும் வாயசைவும் பிசகித் தெரியும். சண்டை கேமில் சிலருக்கு அதுவே சௌகரியமாக இருக்கிறது, அடி விழும் சத்தத்தை வைத்து முந்திக்கொள்கிறார்கள்.

தாமதம் எவ்வளவு இருக்கும்? உண்மையைச் சொல்லுங்கள்.

60 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லிசெகண்ட், 30 ஃபிரேமில் 33.3. கார்டு ஒரு ஃபிரேமை வாங்கி நசுக்கி அனுப்ப வேண்டும், லேப்டாப் அதைப் பிரிக்க வேண்டும், ஓபிஎஸ் வரைய வேண்டும், பிறகு திரை காட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒன்றிரண்டு ஃபிரேம் போகிறது. விலை குறைந்த கார்டில் எல்லாம் சேர்ந்து 100 மில்லிசெகண்ட் வரைக்கும், சில லேப்டாப்களில் அதற்கு மேலும் போவதுண்டு. 1080பி 30-ஐ விட்டு 720பி 60-க்கு மாறினாலே கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும்.

நீங்களே அளந்து பார்க்கலாம். மெனுவில் இடது வலது பட்டனைச் சீராகத் தட்டிக்கொண்டே, கையையும் திரையையும் சேர்த்துச் செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். பட்டன் அமுங்கிய ஃபிரேமிலிருந்து மெனு நகர்ந்த ஃபிரேம் வரை எண்ணினால் கணக்கு வந்துவிடும். 240 எஃப்பிஎஸ் வீடியோவில் ஒரு ஃபிரேம் 4 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். மொத்தத் தாமதம் இது என்பதை நினைவில் வையுங்கள், கன்சோலும் கேமும் தங்கள் பங்குக்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் இதில் சேர்ந்திருக்கும்.

எல்லாம் சரியாக மாட்டியும் கறுப்புத் திரைதான்.

பிஎஸ்4, பிஎஸ்5 என்றால் காரணம் பெரும்பாலும் ஹெச்டிசிபி. படத்தை நகலெடுக்காமல் இருக்கப் போடும் பூட்டு அது. பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஹெச்டிஎம்ஐ என்று போய் 'எனேபிள் ஹெச்டிசிபி'யை அணையுங்கள். பிஎஸ்4-இல் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் இருக்கிறது. அணைத்துவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் மாதிரியான ஆப்கள் கன்சோலில் ஓடாது, கேம் ஓடும். ஆனால் அதை அணைக்கவே படம் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு முறை நண்பர் வீட்டு டிவியிலோ தெரிந்தவர் மானிட்டரிலோ மாட்டித்தான் ஆக வேண்டும்.

எக்ஸ்பாக்ஸும் ஸ்விட்ச்சும் கேம் ஓடும்போது இந்தப் பூட்டைப் போடுவதில்லை. பிஎஸ்3 மட்டும் சங்கடம். அதன் ஹெச்டிஎம்ஐ-இல் பூட்டை அணைக்க செட்டிங்கே கிடையாது. பிஎஸ்3 வைத்திருப்பவர்கள் சிவப்பு, பச்சை, நீலம் கொண்ட காம்போனென்ட் கேபிளுக்கோ, மஞ்சள் ஏவி கேபிளுக்கோ போக வேண்டியதுதான்.

வண்ணங்கள் வெளிறிப்போய், கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதே?

கன்சோலில் ஹெச்டிஆர்-ஐ (வெளிச்சத்தையும் வண்ணத்தையும் கூட்டிக் காட்டும் முறை) அணையுங்கள். பிறகும் இருந்தால் ஓபிஎஸ்-இல் அந்தச் சோர்ஸின் 'கலர் ரேஞ்ச்' என்பதை லிமிடெட், ஃபுல் என்று மாற்றிப் பாருங்கள். இரண்டில் ஒன்றில் கறுப்பு கறுப்பாகிவிடும்.

கருவி எதுவும் வாங்காமல் ஆட முடியுமா?

முடியும். பிஎஸ் ரிமோட் பிளே இலவசம். விண்டோஸ், மேக் இரண்டிலும் 2016-இலிருந்து இருக்கிறது. கன்சோலில் ரிமோட் பிளேயை இயக்கி, லேப்டாப்பிலும் அதே பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கில் நுழைந்து, கண்ட்ரோலரை யு.எஸ்.பி. கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால் ஆடலாம். எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸின் எக்ஸ்பாக்ஸ் ஆப்பிலேயே இது இருக்கிறது. லினக்ஸில் பிளேஸ்டேஷனுக்குச் சியாக்கி என்ற திறமூல மென்பொருள் உண்டு.

சாதாரண பிஎஸ்4-இல் 720பி வரைதான் வரும், பிஎஸ்4 புரோ, பிஎஸ்5 என்றால் 1080பி. முதல் தடவை ரிமோட் பிளேயை இயக்க இங்கேயும் ஒரு திரை வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

தரம் முழுக்க உங்கள் வைஃபையைப் பொறுத்தது. 2013-இல் வந்த முதல் பிஎஸ்4-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான். அடுக்குமாடி வீட்டில் பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் அதே பட்டையில் இருக்கும்போது படம் சிதறும். கன்சோலிலிருந்து ரவுட்டருக்கு லேன் கேபிள் போட்டு, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தால் நிலைமை வெகுவாக மாறும்.

ஹாஸ்டல் வைஃபையில் ரிமோட் பிளே கன்சோலைக் கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கிறது.

பல ஹாஸ்டல் நெட்வொர்க்குகளில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி அடைத்து வைத்திருப்பார்கள். அதைச் சுற்றிப் போகச் சுலபமான வழி, ரவுட்டரையே விட்டுவிட்டு கன்சோலையும் லேப்டாப்பையும் ஒரு லேன் கேபிளால் நேராக இணைப்பது. லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லையென்றால் யு.எஸ்.பி. லேன் அடாப்டர் போதும்.

விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து என்சிபிஏ.சிபிஎல் என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்தால் நெட்வொர்க் இணைப்புகள் வரும். வைஃபை மேல் ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், 'ஷேரிங்' தாவல். அங்கே முதல் டிக்கைப் போட்டு, ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுங்கள். இப்போது லேப்டாப் தன் இணையத்தைக் கேபிள் வழியாகக் கன்சோலுக்குக் கொடுக்கும். கன்சோலில் லேன் கேபிள் இணைப்பை 'ஈசி'யில் அமைத்துப் பாருங்கள். ஐபி முகவரி 192.168.137 என்று தொடங்கினால் வேலை முடிந்தது. கணக்குச் சரிபார்க்க இணையம் வேண்டும், ஆனால் கேம் படம் முழுக்க அந்தக் கேபிளிலேயே ஓடும். ஹாஸ்டல் டேட்டாவும் கரையாது.

காசு செலவில்லாத வழிகளில் நான் முதலில் சொல்வது இதைத்தான். கேபிள் ஒன்று இருந்தால் வைஃபை சிதறல் எதுவும் இதில் கிடையாது.

நின்டெண்டோ ஸ்விட்ச்?

டிவியோடு இணைக்கும் தாங்கியான டாக்கில் வைத்தால்தான் ஹெச்டிஎம்ஐ வரும். கேப்சர் கார்டுக்கு மிக ஒத்துப்போகும் கன்சோல் இது, பூட்டுத் தொல்லை கிடையாது. கணினிக்கு ரிமோட் பிளே நின்டெண்டோ தரவில்லை. ஸ்விட்ச் லைட் டிவிக்கே படம் தராது, அதனால் அதை விட்டுவிடுங்கள்.

பழைய பிஎஸ்2-வும், கேசட் போட்டு ஆடும் டிவி கேமும் பரணில் கிடக்கின்றன. அவற்றை லேப்டாப்பில் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று பின் உள்ள ஏவி கேபிள் அதில் வரும். மஞ்சள் படம், மற்ற இரண்டும் சத்தம். இதற்கு ஹெச்டிஎம்ஐ கார்டு வேண்டாம், 'ஈசிகேப்' என்ற பெயரில் விற்கும் ஏவி டு யு.எஸ்.பி. கருவி போதும்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டுகொண்டே இருந்தாலோ பயப்படாதீர்கள். கேப்சர் செட்டிங்ஸில் வீடியோ முறை என்டிஎஸ்சி என்று இருக்கும், அதை பால்-பி என்று மாற்றுங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் டிவி முறை பால் என்பதால், இங்கே விற்ற கன்சோல்கள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த கன்சோல் என்றால் இதற்கு நேர்மாறாக இருக்கலாம்.

வேகமாக நகரும்போது விளிம்புகள் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரியும். பிஎஸ்2 ஒரு ஃபிரேமை ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டாகப் பிரித்து அனுப்புவதால் வருவது அது. ஓபிஎஸ்-இல் சோர்ஸ் மேல் ரைட் கிளிக் செய்து 'டீஇன்டர்லேசிங்' போய் 'யாடிஃப் 2எக்ஸ்' கொடுத்தால் சரியாகும்.

கேசட் கேம்களில் சில, ஆன்டெனா கேபிள் வழியாக மட்டும் படம் தருபவை. அவற்றை ஈசிகேப்பில் மாட்ட முடியாது. பின்புறம் ஏவி துளை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

லேப்டாப் செத்துவிட்டது, திரை நன்றாக இருக்கிறது. அதை மானிட்டராக்கலாமா?

கட்டாயம் ஆக்கலாம். குப்பைக்குப் போகும் நல்ல திரைக்கு இன்னொரு வாழ்க்கை கிடைக்கும் என்பதால் எனக்கு மிகப் பிடித்த வழியும் இதுதான். தாமதத்திலும் கடை மானிட்டருக்குப் பக்கத்தில் வரும், கேப்சர் கார்டோடு ஒப்பிடவே முடியாது.

மூடியின் சட்டத்தைப் பிரித்துத் திரையை எடுங்கள். பின்புறம் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், உதாரணமாக பி156எக்ஸ்டபிள்யூ02 என்பது 15.6 அங்குல, 1366 x 768, எல்விடிஎஸ் திரை. லேப்டாப்பின் மாடல் பெயரைச் சொல்லி போர்டு கேட்காதீர்கள். ஒரே லேப்டாப்பில் பல நிறுவனங்களின் திரைகள் வந்திருக்கும். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அதைக் காட்டுங்கள். 15.6 அங்குலத் திரைகளில் கேபிள் துளை 40 பின் என்றால் பெரும்பாலும் எல்விடிஎஸ், 30 பின் என்றால் ஈடிபி. போர்டு, கேபிள், பட்டன் பலகை மூன்றும் சேர்ந்த செட்டாக, உங்கள் திரை எண்ணுக்கு புரோகிராம் செய்தே விற்பவரிடம் வாங்குவது நல்லது. சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு மாதிரியான இடங்களில் கேட்டுப் பார்க்கலாம், ஆன்லைனிலும் கிடைக்கும். மின்சாரத்துக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள். எல்விடிஎஸ் போர்டில் 3.3, 5, 12 என்று எழுதிய பின்களும் அவற்றின் மேல், பின்களை இணைக்கும் மூடி மாதிரி ஒரு குட்டி ஜம்பரும் இருக்கும். திரைக்குப் போகும் வோல்டேஜ் அது. லேப்டாப் திரைகளுக்குப் பெரும்பாலும் 3.3. ஜம்பர் 12-இல் இருந்தபடி சுவிட்சைப் போட்டால் திரை அங்கேயே போய்விடும். திரையின் எண்ணைத் தேடி எடுத்து வோல்டேஜை உறுதி செய்த பிறகே சொருகுங்கள்.

2009, 2010-க்கு முந்தைய லேப்டாப் என்றால் பின்னொளிக்கு எல்இடிக்குப் பதிலாக மெல்லிய குழல்விளக்கு இருக்கலாம். அதற்கு இன்வெர்ட்டர் போர்டு வேண்டும், அதில் பல நூறு வோல்ட் ஓடும். பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

மேக்கில் எப்படி? டேப்லெட், போனில்?

கேப்சர் கார்டு மேக்குக்கு ஒரு வெப்கேம் மாதிரித் தெரியும். ஓபிஎஸ் அங்கேயும் இருக்கிறது, சட்டென்று பார்க்க குயிக்டைம் பிளேயரில் 'நியூ மூவி ரெக்கார்டிங்' கூடப் போதும். டைப்-சி உள்ள ஐபேடுகளில் ஐபேட்ஓஎஸ் 17-இலிருந்து இதே கார்டுகள் வேலை செய்கின்றன. ஆண்ட்ராய்டில் ஓடிஜி கேபிளும் யு.எஸ்.பி. கேமரா ஆப்பும் வேண்டும், ஆனால் போனுக்குப் போன் மாறுபடும்.

இப்படி ஆடினால் லேப்டாப் கெட்டுப்போகுமா?

கெடாது. கேமை ஓட்டுவது கன்சோல், லேப்டாப் ஒரு வீடியோவைக் காட்டுகிறது, அவ்வளவுதான். மெத்தையில் வைத்துக் காற்றுத் துளையை அடைக்காமல் இருந்தால் போதும். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் நிற்கும், கன்சோல் சட்டென்று அணையும். சேவ் ஆகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது நடந்தால் சேவ் ஃபைல் கெட வாய்ப்பு உண்டு. அடிக்கடி மின்தடை உள்ள ஊர் என்றால் கன்சோலுக்கு ஒரு யு.பி.எஸ். அவசியம்.

பேசாமல் ஒரு பழைய மானிட்டரே வாங்கிவிடலாமா?

தினமும் ஆடுபவராக இருந்தால், ஆமாம், அதையே வாங்குங்கள். அலுவலகங்கள் கழித்துவிடும் 20, 22 அங்குல மானிட்டர்கள் பழைய கணினிக் கடைகளில் நல்ல நிலையில் கிடைக்கின்றன. பின்புறம் ஹெச்டிஎம்ஐ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். டிவிஐ மட்டும் இருந்தால் ஹெச்டிஎம்ஐ டு டிவிஐ கேபிள் போதும், படம் தரம் குறையாமல் வரும். விஜிஏ மட்டும் இருந்தால் ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர் வேண்டும். சத்தத்துக்கு 3.5 எம்எம் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிஎஸ்4-இல் படம் வரவில்லை என்றால் மேலே சொன்ன ஹெச்டிசிபி-யை அணைத்துப் பாருங்கள்.

கடையில் 1440 x 900 மாதிரியான சற்று உயரமான திரையைக் காட்டினால், படத்தின் அகல உயர விகிதத்தை மாற்றாமல் காட்டும் செட்டிங் மெனுவில் இருக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் கேமில் எல்லோரும் மெலிந்து நீளமாகத் தெரிவார்கள். இந்த மானிட்டர்கள் பலவற்றில் ஸ்பீக்கர் இருக்காது. டிவிஐ கேபிளில் மாட்டினால் ஹெட்போனைக் கண்ட்ரோலரிலேயே சொருகிக்கொள்ளுங்கள். இங்கே கேப்சர் கார்டு இல்லாததால் சத்தமும் படமும் பிசகாது.